அளவு நாள் பட்டினி

சான் ஹெரோனிமோ,
5 பிப்ரவரி 2004

அன்புள்ள மருமகள் காதியாவுக்கு,

உன் தாய்மாமன் எவாரிஸ்தோ எழுதுகிறேன். எழுத்து இவ்வளவு அழகாக இருக்கிறதே, வாத்தியாரை வைத்து எழுதினாரோ என்று சந்தேகப்படாதே. என் கைதான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டு விலகிக்கொண்டது. நான் படிப்பை விடவில்லை.

கடை போனில் கூப்பிட்டிருக்கலாம். நாம் பேசுவதைக் கடைக்காரி கேட்டு, அதில் உப்பு புளி சேர்த்து ஊருக்குப் பரிமாறுவாள். அந்த வேலையை நானே செய்துகொள்ளும்போது அவள் எதற்கு?

முதலில் நல்ல செய்தி. ஊர்ச் சர்க்கரை வியாதிக்காரர்கள் சங்கத்துக்கு மறுபடியும் நான்தான் தலைவர். வேண்டாம், வேண்டாம் என்று கெஞ்சினேன். ஜனங்கள் விடவில்லை. வேறு யாருமே கை தூக்கவில்லை என்று கசாப்புக்கடை ப்ரோகோப்பியோ சொல்லித் திரிகிறானாம். அவன் கண் கறியைத் தவிர எதையும் பார்க்காது.

மாதத்தின் முதல் புதன்கிழமை சுகாதார நிலையத்தில் எங்கள் சங்கத்தின் பதின்மூன்று பேரும் வரிசையில் நின்று விரலைக் கொடுக்க வேண்டும். டாக்டர் நொயெமி ஊசி முனையால் குத்தி, ரத்தத்தை மெஷினில் வைத்து எண் சொல்வாள். சின்னப் பெண். ஒரு வருடம் மலையில் வேலை பார்த்தால்தான் பட்டம் என்று அனுப்பியிருக்கிறார்கள். நேற்று அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "தலைவரே, உங்க சங்கம் மாதிரி இந்த மலையிலயே கிடையாது"ன்னாள். கண்ணில் தண்ணீர்கூட நின்றது என்று நினைக்கிறேன்.

ரகசியம் உனக்கு மட்டும் சொல்கிறேன். கண்டுபிடித்தவன் நான். அளவு நாளுக்கு மூன்று நாள் முன்னாலிருந்து சோள ரொட்டி கிடையாது, பீன்ஸ் கிடையாது, கலர் சோடா கிடையாது. சப்பாத்திக்கள்ளி மடலை முள் நீக்கி அரைத்துக் குடிக்க வேண்டியது, தண்ணீர் குடிக்க வேண்டியது. புதன்கிழமை காலையில் மெஷினுக்கே வெட்கமாகிவிடும். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து என்று தேன் மாதிரி எண்கள். அளந்து முடித்ததும் எல்லோரும் நேரே கடைக்குப் போய் ஆளுக்கொரு கலர் உடைக்கிறோம்.

உன் அம்மாவுக்கும் நூற்றுப் பத்து. வரிசையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று சொல்லிச் சமாளித்தேன். மெழுகுதிரித் திருநாளுக்குப் புதுச் செருப்பு போட்டதில் காலில் லேசாகக் கடித்திருக்கிறது. கொசு கடித்த அளவு.

உன் பெயரை இன்னும் அவள் சொல்வதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அந்த லாரிக்காரப் பையனோடு நீ சொல்லாமல் கிளம்பிய அதிர்ச்சியில்தான் அவளுக்குச் சர்க்கரை பிடித்தது என்று ஊருக்கே தெரியும். நான் குற்றமாகச் சொல்லவில்லை. அதிர்ச்சி யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது? என் கழுதை மேல் இடி விழுந்தபோது கயிறு என் கையில் இருந்தது. கழுதைக்குச் சாவு, எனக்குச் சர்க்கரை.

உன் மாமன்,
எவாரிஸ்தோ (தலைவர்)


தெவாக்கான்,
16 பிப்ரவரி

மாமாவுக்கு,

கடிதத்தை பஸ் டிரைவர் சால்வியோ தையல் பட்டறை வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். சிரிக்க நிறைய இடம் வைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து மணி நேரம் ஜீன்ஸ் பேன்ட்டுக்குப் பை தைத்துவிட்டு வந்து படித்தேன், அதனாலும் இருக்கலாம்.

அம்மாவின் காலைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கால், எந்த விரல்? புண் காய்கிறதா, கசிகிறதா? தொட்டால் வலிக்கிறதா? வலிக்கவில்லை என்று சொன்னால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். வலிக்காததுதான் கெட்டது.

மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் நின்றால் மயக்கம் வராமல் என்ன வரும்? அதற்கு ஜெபம் என்று பெயர் வைக்கிறீர்கள். மூன்று நாள் கள்ளி மடல். மிச்ச நாளெல்லாம்? எந்த வீட்டு ஜெபத்துக்குப் போனாலும் கையில் ஒரு கலர் பாட்டிலைத் திணிப்பார்கள், மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள். அம்மா எதையும் மறுத்தவள் இல்லை. மெஷின் அந்த மூன்று நாளைத்தான் பார்க்கிறது, மாமா. அம்மாவைப் பார்க்கவில்லை.

டாக்டரிடம் காலைக் காட்டச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றி, காலுறையையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

அதிர்ச்சி விஷயத்தை இனி எனக்கு எழுத வேண்டாம். ஊருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா? இரண்டு வருடமாகத் துணி மூட்டையோடு சேர்த்து அதையும்தான் சுமக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். பிறகு.

காதியா


சான் ஹெரோனிமோ,
4 மார்ச்

மருமகளே,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. எப்படியும் அளவு நாளுக்கு முந்தின பட்டினிதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

பட்டணத்துக்குப் போனால் எல்லோருக்கும் அறிவு வந்துவிடுகிறது. நான் சர்க்கரையோடு பதினாறு வருடம் குடித்தனம் நடத்துகிறவன். என் பெண்டாட்டி இருந்திருந்தால் அவளோடுகூட அவ்வளவு நாள் இருந்திருக்க மாட்டேன்.

கேள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் உன் அம்மாவின் அளவு முந்நூற்றைத் தாண்டிவிட்டது. டாக்டர் பெண் நேராகச் சொல்லிவிட்டாள்: "இனிமே மாத்திரை போதாது அம்மா. இன்சுலின் ஊசி போட்டாகணும்." அக்கா அன்றைக்குக் கடைப் பக்கம்கூடத் திரும்பாமல் வீட்டுக்கு நடந்தாள். வந்து அடுப்படியில் உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தாள்.

"ஊசி போட்ட ரெண்டே மாசத்துல எவுலாலியாவுக்குக் கண்ணு போச்சுடா. கோழிக்குன்னு சோளத்தைக் கொண்டுபோய் நாய்க்கு எறிஞ்சுகிட்டிருக்கா. என்னையும் அப்படி உக்கார வெச்சிடாதடா."

நான் என்ன செய்வேன்? அவளுக்காகத்தான் மூன்று நாள் பட்டினியைக் கண்டுபிடித்தேன். அடுத்த மாதம் அளவு இறங்கியது, ஊசிப் பேச்சு நின்றது. மற்றவர்களும் எனக்கும் எனக்கும் என்று வந்து ஒட்டிக்கொண்டார்கள். சங்கம் புகழ் பெற்றது இப்படித்தான்.

நேற்று அளவு நாள். டாக்டர் கேட்டாள்: "யாருக்காவது கால்ல புண்ணு, கொப்புளம் ஏதாவது இருக்கா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்வது வழக்கம். "ஒண்ணுமில்ல டாக்டர். எங்க சங்கத்துல காலெல்லாம் கல்யாணப் பொண்ணு கால் மாதிரி"ன்னேன்.

"அப்ப என் காலைக் கட்டிக்கிறது யாருன்னு கேளுய்யா," என்றான் ப்ரோகோப்பியோ. டாக்டர் பெண்ணும் சிரித்துவிட்டாள். சிரித்த முகத்தோடு எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

புண் சின்னதாகிக்கொண்டிருக்கிறது. அதாவது, அகலம் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆழம் இருக்காது. வலது கால், சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும். தேன் தடவுகிறேன். வலிக்கவில்லை என்கிறாள்.

இன்னொரு சங்கதி. மார்ச் 24-ம் தேதி ஜில்லாவிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். எல்லோரையும் அவர்கள் எதிரிலேயே அளந்து, மலையிலேயே சிறந்த சங்கத்துக்குச் சுவர்க் கடிகாரம் தரப்போகிறார்கள். மாட்ட ஆணிகூட அடித்தாயிற்று.

எவாரிஸ்தோ


தெவாக்கான்,
11 மார்ச்

மாமா,

போன கடிதத்தில் அடித்ததை இப்போது எழுதுகிறேன். எனக்கு ஏழாவது மாதம். எனக்கும் சர்க்கரை இருக்கிறது.

யாரும் என்னைப் பயமுறுத்தவில்லை. யாரும் என்னை விட்டு ஓடவில்லை. இடியும் விழவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சிலருக்கு வரும், அம்மாவுக்கு இருந்தால் இன்னும் சுலபமாக வரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதைக் கேட்டதும் அந்த பெஞ்சிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகையா வேறென்னவா என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் மருமகள் என்ன செய்தேன் தெரியுமா? பரிசோதனைக்கு முன்னால் மூன்று நாள் பட்டினி கிடந்துவிட்டுப் போனேன். வயிற்றில் பிள்ளையோடு. எண் அழகாக வந்தது. பெருமையாக உட்கார்ந்திருந்தேன். பிறகு வேறொரு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். அது இன்றைக்கு என்ன தின்றோம் என்று கேட்பதில்லை. மூன்று மாதமாக ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடியது என்று சொல்லிவிடுகிறது. நர்ஸம்மா காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எந்த மலைம்மா உங்களுது? அங்கேர்ந்து வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் பட்டினி கெடந்துட்டு வர்றீங்க. நான் திட்டுவேன்னா பயப்படுறீங்க? நான் திட்டினா காது வலிக்கும். இது உள்ள என்னென்ன பண்ணும் தெரியுமா?"

அன்றையிலிருந்து தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். நானேதான் போட்டுக்கொள்கிறேன். முதல் நாள் ஊசியை மூன்று தடவை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். இப்போது தலை வாருகிற மாதிரி. என் கண் இருக்கிறது மாமா. இந்தக் கடிதத்தை மங்கலான பல்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன், வரி கோணவில்லை, பாருங்கள். எவுலாலியா அத்தைக்குப் பல வருடமாகச் சர்க்கரை. கண் பாதி போன பிறகுதான் ஊசி கொடுத்தார்கள். கடைசியில் வந்து சேர்ந்த ஊசியின் மேல் பழி விழுந்தது. இதை அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்.

ஊசியிலிருந்து காப்பாற்றினேன் என்கிறீர்கள். உங்களுக்கு அவள் மேல் இருக்கிற பாசம் எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் அவள் காலைப் பார்க்காததற்குக் காரணம் நீங்கள்தான். தப்பான எண்ணைக் கொடுத்து, கேட்ட கேள்விக்கு வேடிக்கையாகப் பதில் சொல்லி, அந்தப் பெண்ணைச் சிரிக்கவைத்து அனுப்பியிருக்கிறீர்கள். ஊசி பழக என்னை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மாளுக்கும் வலிக்கவில்லையாம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நாளைக்கே உண்மையைச் சொல்லுங்கள்.

காதியா


சான் ஹெரோனிமோ,
17 மார்ச்

காதியா,

படித்துக் காட்டினேன். முழுதும் இல்லை. முழங்கால் விஷயத்தை விட்டுவிட்டேன்.

பிள்ளை விஷயத்தைக் கேட்டதும், "எத்தனை மாசம்னு எழுதியிருக்கா?" என்றாள். ஏழு என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஊசி விஷயத்தைப் படித்தபோது, "அவ சின்னப் பொண்ணு, அவ கண்ணு தாங்கும்," என்றாள். அவ்வளவுதான்.

கால் வாடை அடிக்கிறது. இதை எப்படிச் சுற்றி எழுதலாம் என்று யோசித்தேன், வழி கிடைக்கவில்லை. சுண்டுவிரல் கறுத்திருக்கிறது. நடக்கிறாள். சமைக்கிறாள். ராத்திரி நான் எழுந்து பார்த்தால் அவளும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

சொல்லச் சொல்கிறாய். யாரிடம் சொல்வது? மற்றப் பன்னிரண்டு பேரும் என்னை நம்பி வாயைக் கட்டினவர்கள். நான் வாயைத் திறந்தால் அவர்கள் எல்லோருக்கும் ஊசி, டாக்டர் பெண்ணுக்கு மேலிடத்தில் திட்டு, எனக்கு இந்த ஊரில் முகம் கிடையாது. வாழ்க்கை முழுக்கப் பேசியே பிழைத்தவன். இந்த ஒரு பேச்சுக்கு நாக்கு எழமாட்டேன் என்கிறது.

களைப்பாக இருக்கிறது. எனக்கும் கால் எரிகிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எவாரிஸ்தோ


தெவாக்கான்,
20 மார்ச்

மாமா,

சால்வியோ பஸ்ஸை எடுக்கப்போகிறார், அவரை நிற்கவைத்து எழுதுகிறேன். நானே வந்துவிடலாம் என்று துணி எடுத்து வைத்தேன். பிரஷர் ஏறியிருக்கிறது, மலைப்பாதையில் பஸ் ஏறினால் பிள்ளைக்கு ஆகாது என்று இங்கே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் என்னால் முடியாது. உங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை.

பேச நாக்கு எழவில்லை என்றால் பேச வேண்டாம். பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். அம்மாவையும் கிடக்கவிடாதீர்கள். தினமும் தின்பதைத் தின்றுவிட்டு 24-ம் தேதி விரலைக் கொடுங்கள். மிச்சத்தை மெஷின் பேசிக்கொள்ளும்.

அன்றைக்கும் அவளுக்கு நூற்றுப் பத்து வந்ததென்றால், எனக்கு இனிமேல் கடிதம் எழுதாதீர்கள்.

காதியா


ஜில்லா ஆஸ்பத்திரி,
12 ஏப்ரல்

அன்புள்ள காதியாவுக்கு,

தந்தி மாதிரி ஆஸ்பத்திரி எதிர்க்கடை போனில் நாலு வார்த்தை சொல்லி அனுப்பினேன், உனக்குக் கிடைத்திருக்கும். அம்மா உயிரோடு இருக்கிறாள், கால் இருக்கிறது. மீதியை இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

24-ம் தேதிக்கு முந்தின மூன்று நாளும் வழக்கப்படி சாப்பிட்டேன். ரொட்டி, பன்றிக்கொழுப்பில் வதக்கின பீன்ஸ், மத்தியானம் ஒரு கலர். அக்காவுக்கும் போட்டேன். "பட்டினி இல்லையாடா?" என்றாள். "அதிகாரிங்க வர்றாங்க, தெம்பா நிக்க வேண்டாமா?" என்றேன். அந்த ஒரு பொய்யை மட்டும் மன்னித்துவிடு. மற்றவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் மூன்று நாளாகக் கள்ளித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தார்கள்.

தலைவர் என்பதால் நான் முதலில் விரலைக் கொடுத்தேன். முந்நூற்று எழுபத்திரண்டு.

ஜில்லா அதிகாரி மெஷினைத் தட்டிப் பார்த்தார். "பேட்டரி போயிருக்கும்மா," என்றார். டாக்டர் நொயெமி வேறு பட்டையைச் செருகி இன்னொரு விரலைக் குத்தினாள். முந்நூற்று அறுபத்தெட்டு. "மெஷின் நல்லாத்தான் இருக்கு டாக்டர், நாங்கதான் ரிப்பேர்," என்று நான் சொன்னேன். அல்லது அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் யோசித்துக்கொண்டேன், சரியாக நினைவில்லை. ஆனால் பட்டினிக் கதை முழுவதையும் சொன்னது நிஜம். அதற்குச் சாட்சி ப்ரோகோப்பியோ.

"அடப்பாவி! எங்களையும் சேத்து வித்துட்டியேய்யா! மூணு நாளா கறிக்கடையில நின்னுகிட்டு ஒரு துண்டுகூட வாயில வெக்கலயே நான்!"

"வாய மூடுய்யா. உன் காலையும் காட்டு," என்றேன்.

பெண்கள் திட்டியதை எழுத மாட்டேன், நீ வயிற்றில் பிள்ளையோடு படிக்கிறாய். அடுத்தது அக்கா. அளக்கக்கூட இல்லை. டாக்டர் பெண் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து அவளே காலுறையை உருவினாள். துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அந்தப் பெண் பொத்தவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையோடு நான் எதையும் சேர்த்துச் சொல்லப்போவதில்லை.

அதிகாரிகள் வந்த ஜீப்பிலேயே இங்கே கொண்டுவந்தார்கள். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்று ஆபரேஷன் பண்ணினவர் சொன்னார். நீ எழுதியதையேதான் அவரும் சொன்னார். கடிகாரம் அடுத்த மலைக்காரர்களுக்குப் போய்விட்டது. அவர்களும் எப்படி அளவைக் குறைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதையும் டாக்டர் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.

ஊசிக்கு அக்கா சம்மதிக்கவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நர்ஸைக் கிட்டேயே விடவில்லை. கடைசியில் எனக்கு முதலில் போடச் சொன்னேன். எப்படியும் எனக்கும் ஊசி எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அவள் பார்க்கப் பார்க்கப் போட்டுக்கொண்டேன். கத்தவே இல்லை. சரி, கத்தினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டினாள்.

தினமும் காலையில் கண் விழித்ததும் எதிர்ப் படுக்கையில் இருக்கிற கிழவியின் மூக்குத் தெரிகிறதா என்று பார்க்கிறாள். தெரிகிறது. பெரிய மூக்கு.

பொய் சொல்ல மாட்டேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியவில்லை. நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை, மருந்தை மண் பானைக்குள் ஈரமணலில் வைக்கக் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். சங்கத்தில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. ஊசி வேண்டாம் என்று இரண்டு பேர் அளவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். நான் அவர்கள் வீட்டுக்குப் போய் நிற்க வேண்டும். நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது. போவேன்.

நேற்று நான் இந்தக் காகிதத்தை எடுத்ததும் அக்கா கேட்டாள்: "அவளுக்கா எழுதுற?"

"ஆமா."

போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "எனக்குச் சர்க்கரை வந்தது அந்த மாட்டாலதான்னு எழுது," என்றாள்.

"எந்த மாடு?"

"சந்தியாகப்பர் திருநாள்ல கயித்த அத்துக்கிட்டு வந்துச்சே. ஓடைவரைக்கும் என்னைத் துரத்துச்சேடா. அன்னைக்கு விழுந்த அதிர்ச்சிதான். அவ அப்பப் பள்ளிக்கூடம்கூடப் போகல."

எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது, காதியா. அது மாடு இல்லை, பால் மறக்காத கன்றுக்குட்டி. துரத்தவும் இல்லை. அவள் கையில் இருந்த ரொட்டிக்காகப் பின்னாலேயே வந்தது. இவள்தான் சிரித்துக்கொண்டே ஓடினாள்.

"அக்கா, அது கன்னுக்குட்டிக்கா," என்றேன்.

"மாடுதான். கொம்பு இவ்ளோ பெருசு." ஊசி போட்ட கையையும் சேர்த்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. "எழுதுடா. நீ எழுதாததா?"

எழுதிவிட்டேன். மாடுதான். கொம்பு ரொம்பப் பெரியது.

உன் மாமன்,
எவாரிஸ்தோ